பெயர் தாங்கிய போர்வைகள்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மூன்று வாரங்கள் கழித்து, மார்ச் 8ஆம் நாள், ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைச்சாலைவரை வெயிலில் நடத்தி அழைத்துச் செல்லப்பட்டனர். 1936இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறை, ஏறக்குறைய 600 கைதிகளுக்காக அமைக்கப்பட்டது. இப்போதோ ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 2,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அதில் அடைக்கப்பட்டனர்.

பெண்களும் குழந்தைகளும் ஒரு பகுதியிலும் ஆண்கள் மற்றொரு பகுதியிலும் வைக்கப்பட்டனர். இராணுவத்தில் பணியாற்றிய கணவன்மாரும் உறவினர்களும் சற்றுத் தொலைவில் இருந்த படைமுகாம்களில் கைதிகளாக இருந்தனர். காயமுற்றோரும் நோயுற்றோரும் அங்கிருந்த இராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தனர். நேரில் பேசிக்கொள்ளவோ கடிதம் அனுப்பவோ எளிதில் இசைவு கிடைக்கவில்லை. மனைவி உயிருடன் இருக்கிறாளா என்று கணவனுக்குத் தெரியாது. கணவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று மனைவிக்குத் தெரியாது.

இந்தச் சூழலில்தான் பெண்கள் பகுதியிலிருந்து சில போர்வைகள் மருத்துவமனைக்குச் சென்றன. அவற்றைத் தைத்த விதத்தையும் அவை சுமந்து சென்ற செய்தியையும் அறிந்தால், நோயாளிகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் பழக்கத்தின் உட்பொருள் விளங்கும்.

ஒட்டுத்துணிப் போர்வை

சாங்கியில் தைக்கப்பட்டவை சாதாரணப் போர்வைகள் அல்ல. பல சிறு துணித்துண்டுகளை இணைத்து உருவாக்கப்படும் இவ்வகைப் போர்வையை ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்பர். தமிழில் இதனை ஒட்டுத்துணிப் போர்வை எனலாம். இதில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். மேலே துண்டுத்துணிகளை இணைத்துச் செய்த மேற்றுணி. நடுவில் மெல்லிய பஞ்சு அடுக்கு. கீழே ஒரே துணியாலான அடித்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, அவற்றை ஊடுருவித் தையல் போடப்படும்.

இவ்வகைக் கைவேலை உலகின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' புகழ்பெற்றது. தமிழர் இல்லங்களிலும் பழைய நூற்புடவையைக் கிழித்துக் குழந்தைக்கு விரிப்பாகவும் தூளியாகவும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. பலமுறை துவைத்த பருத்தித் துணி மிருதுவாகிவிடும் என்பதைப் பாட்டிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சிறைக்குள் 66 சதுரங்கள்

சாங்கிச் சிறையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பணியாற்றியவர்களுள் ஒருவர், கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி. முன்னாள் ஆசிரியையான அவர், மருத்துவமனையில் இருக்கும் வீரர்களுக்குப் போர்வைகள் செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏறக்குறைய 15 செண்டிமீட்டர் அளவுள்ள ஒரு சதுரத் துணி கொடுக்கப்பட்டது. அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலால் வரைந்து, தம் பெயரையும் தைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

கடைக்குச் சென்று துணியும் நூலும் வாங்க வழியில்லை. மாவு மூட்டைத் துணி, பழைய ஆடைகளின் ஓரங்கள், அவற்றிலிருந்து உருவிய வண்ண நூல்கள் எனக் கையில் கிடைத்தவை யாவும் பயன்பட்டன. சிலர் தம் வீட்டுத் தோட்டத்து மலர்களைத் தைத்தனர். சிலர் கப்பலையும் சிலர் சொந்த ஊரையும் தைத்தனர். தாம் அடைபட்டிருந்த சிறை அறையையே தைத்தவரும் உண்டு. பெரும்பாலான சதுரங்களில் தைத்தவரின் பெயர் இடம்பெற்றது.

இவ்வாறு உருவான போர்வைகளில் மூன்று இன்று புகழ்பெற்றவை. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்காகவும் மற்றொன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்காகவும் செய்யப்பட்டது. மூன்றாவது, காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதில் பெரும்பாலும் மலர்கள் போன்ற அமைதியான உருவங்களே இருந்தன. ஜப்பானியருக்கும் ஒரு போர்வை செய்ததால், மற்றப் போர்வைகளை மருத்துவமனைக்கு அனுப்ப இசைவு பெறுவது எளிதாயிற்று என்று கூறப்படுகிறது.

போர்வையைப் பெற்றவர்களுக்கு அது குளிரைப் போக்கியதைவிடப் பெரியதொரு பணியைச் செய்தது. கடிதம் செல்ல முடியாத இடத்துக்குப் பெயர்கள் சென்றன. ஒரு சதுரத்தில் மனைவியின் பெயரையோ தெரிந்தவர் ஒருவரின் பெயரையோ கண்டவருக்கு, அவர் அதைத் தைத்தபோது உயிருடன் இருந்தார் என்ற செய்தி கிடைத்தது. காவலர்களின் கண்ணுக்கு அது பூவேலை செய்த போர்வை. படுக்கையில் கிடந்தவருக்கோ அது வீட்டிலிருந்து வந்த மடல்.

அதே சிறையில் 8 முதல் 16 வயதுவரையிலான சிறுமிகள் சிலர் ஒரு சாரணியர் குழுவில் சேர்ந்திருந்தனர். அக்குழுவை நடத்தியவர் எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி. அவருடைய பிறந்தநாளுக்காகச் சிறுமிகள் அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வையைத் தைத்தனர். கிடைத்த துணிகளைச் சிறு அறுகோணங்களாக வெட்டிப் பூப்போல இணைத்து, தங்கள் பெயர்களையும் அதில் தைத்தனர். அப்போர்வை இப்போது லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெப்பநாட்டில் போர்வை எதற்கு?

போர் முடிந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இன்று நோயாளிக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசி போதும். ஆயினும், உலகின் பல நாடுகளில் தொண்டூழியர்கள் மருத்துவமனைகளுக்கும் தாதிமை இல்லங்களுக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைத்துக் கொடுக்கின்றனர். ஆண்டு முழுவதும் வியர்க்கும் நாட்டில் போர்வை எதற்கு என்ற கேள்வி எழலாம்.

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை; உடலில் உண்டாகும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. துணி அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நடமாடும் ஒருவரின் தசைகள் இயங்கும்போது உடலில் வெப்பம் உண்டாகிறது. இரத்த ஓட்டமும் சீராக நடைபெறுகிறது. கால்களை அசைக்க முடியாமல் நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இந்த வெப்பம் குறைவாகவே கிடைக்கும். முதியவர்களின் உடலும் வெப்பத்தை எளிதில் இழந்துவிடும். குளிரூட்டப்பட்ட அறையில், வருகையாளர் இதமாக உணரும் அதே நேரத்தில், அவர் பார்க்க வந்த நோயாளிக்குக் கால்கள் சில்லிட்டுப் போகலாம்.

ஆகவே போர்வைக்குத் தேவை உண்டு. ஆனால், எந்தப் போர்வையும் எல்லாருக்கும் பொருந்திவிடாது.

கட்டிலுக்கு ஒன்று, சக்கர நாற்காலிக்கு ஒன்று

வீட்டுக் கட்டிலில் போர்வை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தொல்லை இல்லை. மருத்துவமனைக் கட்டிலோ ஏறக்குறைய 90 செண்டிமீட்டர் அகலமே கொண்டது. அதன் இருபுறமும் தடுப்புக் கம்பிகள் உண்டு. நோயாளியின் உடலில் மருந்து ஏற்றும் குழாய்களும் இணைக்கப்பட்டிருக்கலாம். போர்வை மிக அகலமாக இருந்தால் கம்பிகளில் சிக்கும், குழாய்களையும் இழுத்துவிடும். எனவே, மெத்தையைவிடச் சற்றே அகலமான போர்வை போதும். அது இலேசாகவும் இருக்கவேண்டும். கனமான போர்வையைத் தாமே விலக்கும் வலிமை பல நோயாளிகளுக்கு இராது.

சக்கர நாற்காலிக்குரிய போர்வை இன்னும் சிறியது. மடியிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை மறைத்தால் போதும். 90 செண்டிமீட்டர் அகலமும் 105 செண்டிமீட்டர் நீளமும் கொண்ட போர்வை பெரும்பாலோர்க்குப் பொருந்தும். பக்கவாட்டில் தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் நாற்காலி திடீரென நின்றுவிடும். அமர்ந்திருப்பவர் முன்னோக்கிச் சரியவும்கூடும். இதனால்தான் சிலர் கீழ்முனைகளை வளைவாக வெட்டித் தைக்கின்றனர். நீண்ட நாடாக்களும் குஞ்சங்களும் அழகாக இருந்தாலும் சக்கரத்திற்கு அருகில் ஆபத்தானவை.

நாற்காலிப் போர்வையில் ஒரு பையையும் தைக்கலாம். மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, கைக்குட்டை ஆகியவற்றை அதில் வைத்துக்கொள்ளலாம். கீழே விழுந்த கண்ணாடியைக் குனிந்து எடுக்க முடியாதவருக்கு அந்தப் பை பெரும் உதவி. ஆனால், பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒருவருக்குப் பையை எந்தப் பக்கத்தில் தைக்கவேண்டும்? இடக்கை எளிதில் எட்டும் பக்கத்தில்தான். பெறுபவரைப் பற்றி அறியாமல் இந்த முடிவை எடுக்க இயலாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒட்டுத்துணிப் போர்வை மேலே போர்த்திக்கொள்வதற்கே உரியது. அதை மடித்து நோயாளிக்கு அடியில் விரித்தல் நன்றன்று. நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு, அழுத்தம் ஏற்படும் இடங்களில் புண் உண்டாகும். அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தனிவகை மெத்தைகளும் இருக்கைத் திண்டுகளும் தரப்படுகின்றன. அவற்றின்மேல் தடித்த துணியை விரித்தால் அவற்றின் பயன் குறையும். துணியின் மடிப்புகளும் தையல் மேடுகளும் மெல்லிய தோலை உறுத்தும்.

துணி தெரிவில் கவனம்

நோயாளிக்குச் செய்யும் போர்வைக்குப் பருத்தியே ஏற்ற துணி. அது வியர்வையை உறிஞ்சும், தோலை உறுத்தாது, அடிக்கடி துவைத்தாலும் தாங்கும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும். மருத்துவமனைத் துணிகள் கிருமிகளை அழிப்பதற்காக 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூடான நீரில் துவைக்கப்படுவதுண்டு. கம்பளி நூல் அத்தகைய சூட்டில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பட்டும் பொலிவிழக்கும். துவைக்க முடியாத போர்வை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நோயாளியின் கட்டிலுக்கு வரக்கூடாது.

வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணிகளையும் ஒருமுறை துவைத்து உலர்த்தவேண்டும். புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். சில துணிகள் சாயம் விடும். துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் சேர்த்துத் தைத்தால், முதல் துவைப்பிலேயே போர்வை சுருண்டு கோணலாகிவிடும்.

மேசை விரிப்பு, பள்ளிச் சீருடை, பாத்தேக் சட்டை, பழைய புடவை எனப் பல துணிகளின் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தலாம். மலாய்மொழியில் 'காயின் பெர்ச்சா' எனப்படும் தையற்கடைத் துண்டுகளும் ஏற்றவை. ஆனால், ஜரிகை, மணி, கண்ணாடிச் சில்லு போன்றவை பதித்த பகுதிகளை நீக்கிவிடவேண்டும்.

தைக்கும் முறை

மேலே கூறிய நாற்காலிப் போர்வைக்கு 15 செண்டிமீட்டர் அளவுள்ள 42 சதுரங்கள் தேவை. அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு. ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு சதுரம் செய்தாலே ஒரு போர்வை உருவாகிவிடும்.

தையலுக்காக ஒவ்வொரு பக்கத்திலும் 6 மில்லிமீட்டர் கூடுதலாக விடவேண்டும். ஆகவே, துணியை 16.2 செண்டிமீட்டர் சதுரமாக வெட்டவேண்டும். இந்த அளவில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே தைத்துவிட்டால், ஒரு சதுரம் இரண்டு மில்லிமீட்டர் குறையும். ஆறு சதுரங்கள் கொண்ட வரிசை 12 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அடுத்த வரிசையுடன் அதன் முனைகள் பொருந்தா.

முதலில் சதுரங்களை வரிசைகளாக இணைப்பர். பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று இணைப்பர். ஒவ்வொரு தையலையும் இஸ்திரிப்பெட்டியால் அழுத்திச் சமப்படுத்துவர். அடுத்து அடித்துணி, பஞ்சு அடுக்கு, மேற்றுணி ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, குண்டூசிகளால் பிணைப்பர். வெப்பநாட்டில் பஞ்சு அடுக்கு மிக மெல்லியதாக இருந்தால் போதும். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பர். தையல்கள் நெருக்கமாக இல்லாவிட்டால், துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி முடிச்சாகிவிடும். இறுதியாக, விளிம்பைச் சுற்றி ஒரு பட்டித்துணியை மடித்துத் தைப்பர். போர்வையில் முதலில் நைந்துபோவது விளிம்புதான். அங்கே உறுதி தேவை.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. வேலை தொடங்கும்போது குண்டூசிகளை எண்ணவேண்டும். முடிந்தபின் மீண்டும் எண்ணவேண்டும். தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கால்களில் உணர்ச்சி இல்லாமல் போகலாம். போர்வைக்குள் ஓர் ஊசி தங்கிவிட்டால், அது குத்துவதை அவர் உணரமாட்டார். தாதி இரத்தத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

விரல்களுக்கு வேலை தரும் போர்வை

முதுமை மறதிநோய் உள்ளவர்களில் சிலருக்குக் கைகள் சும்மா இருப்பதில்லை. ஆடையின் ஓரத்தைத் திருகுவர். கட்டில் விரிப்பைப் பிய்ப்பர். சிலர் மருந்துக் குழாயையே பிடுங்கிவிடுவர். அவர்களுக்கென ஒரு வகை மடிப்போர்வை செய்யப்படுகிறது. அதில் திறந்து மூடும் ஜிப், கட்டி அவிழ்க்கும் நாடா, உள்ளே கைவிடும் பை, சொரசொரப்பான துணி, வழவழப்பான துணி எனப் பலவகைப் பொருள்கள் தைக்கப்படும். அவை விரல்களுக்கு வேலை தருகின்றன. மனத்தின் பதற்றத்தைக் குறைக்கவும் உதவலாம்.

வேறு போர்வைகளில் நீக்கவேண்டும் என்று கூறப்பட்ட பொத்தான் போன்ற பொருள்கள் இதில் வேண்டுமென்றே சேர்க்கப்படுவதுண்டு. அவை பிய்ந்து வந்தால் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், மிக உறுதியாகத் தைக்கப்படவேண்டும். தையற்காரராக வாழ்ந்த முதியவருக்கு அளவுநாடாத் துண்டையும், தோட்டவேலை செய்தவருக்கு இலை வடிவங்களையும் சேர்த்தால், பழக்கப்பட்ட பொருளை அவருடைய கைகள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.

முதலில் கேட்டறிதல்

நோயாளிகளுக்குப் போர்வை கொடுக்க விரும்புவோர் துணியை வெட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உள்ளது. மருத்துவமனையிலோ இல்லத்திலோ உள்ள தாதியரிடம் கேட்டறிய வேண்டும். வீட்டில் தைத்த பொருள்களை அங்கு ஏற்றுக்கொள்வார்களா? எந்த அளவு தேவை? எப்படித் துவைக்கிறார்கள்? இவற்றைக் கேட்காமல் செய்த போர்வைகள் அலமாரியில் தூங்கிவிடும். கொடுத்தவருக்கு மனநிறைவு இருக்கும். படுக்கையில் இருப்பவருக்குக் குளிர் இருக்கும்.

இயன்றால், பெறுபவரிடமும் கேட்கவேண்டும். மருத்துவமனையில் உடை, உணவு, உறங்கும் நேரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் மற்றவர்களே முடிவு செய்கின்றனர். 'உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்?' என்ற சிறு கேள்வி, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே திருப்பித் தருகிறது. போர்வை வேண்டாம் என்று அவர் கூறினால், அதையும் மதிக்கவேண்டும்.

சாங்கிப் பெண்கள் செய்ததும் இதுதான். படுக்கையில் இருப்பவர்களுக்கு எது மிகவும் தேவை என்பதிலிருந்தே அவர்கள் தொடங்கினர். அன்று தேவைப்பட்டவை பெயர்கள். ஆகவே, பெயர்களைத் தைத்தனர்.

ஆஸ்திரேலிய வீரர்களுக்கான போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்பும் தைக்கப்பட்டுள்ளது. காயமுற்றோரின் துன்பத்தில் தாங்களும் பங்குகொள்வதாக அப்பெண்கள் அதில் தெரிவித்துள்ளனர். போர் முடிந்ததும் அப்போர்வையை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டுள்ளனர். கடைசியாக ஓர் ஆலோசனையும் உண்டு. இப்போர்வையைத் தண்ணீரில் நனைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்பதே அது. தங்களுக்கே நாளைய உணவு உறுதியில்லாத நிலையில், போர் ஒருநாள் முடியும் என்றும், அன்று இப்போர்வையை யாரோ ஒருவர் பாதுகாப்பார் என்றும் அவர்கள் நம்பினர்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஆஸ்திரேலியருக்கும் ஜப்பானியருக்கும் செய்த போர்வைகள் இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. பழைய ஆடைகளிலிருந்து உருவிய நூலால் தைத்த அந்தப் பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது.